முதல் காய்ச்சல்

உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களும் அவற்றில் குடியிருப்போரும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காய்ச்சல் என்ற ஒன்றே கிடையாது.

அப்படி ஓர் உயிரணுவுக்குள் வேம்பாயி என்பவள் இருந்தாள். அவளோடு ஆயிரம் உலைக்காரர்கள். ஓயாமல் உலை மூட்டி உயிரணுவுக்குச் சக்தி கொடுப்பது அவர்கள் வேலை. மைட்டோகாண்ட்ரியா என்று இன்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்களே, அவர்கள்தான். எத்தனையோ யுகங்களுக்கு முன்னால் கடலில் தனியாகத் திரிந்தவர்கள். உயிரணு அடைக்கலம் கொடுக்க, உள்ளேயே தங்கிவிட்டார்கள். பழைய மொழியில் எழுதிய ஓலையை மட்டும் ஒவ்வொருவரும் தோலுக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

யாருக்காவது தோல் வெடித்தால் வேம்பாயி நெற்றியில் பொட்டு வைப்பாள். பொட்டைக் கண்டதும் சுமைகாரர்கள் வந்து செரிமானக் குழிக்குத் தூக்கிப்போவார்கள். அங்கே கரைந்ததைக் கொண்டு புது ஆட்கள் உருவாவார்கள்.

ஒருநாள் வைரஸ் ஒன்று நுழைந்தது. உடம்பின் தோலையே திருடிப் போர்த்தியிருந்ததால் காவல்காரன் கொம்பனுக்குச் சந்தேகம் வரவில்லை. வேம்பாயி வைத்த பொட்டுகளை அது ஒவ்வொன்றாக அழித்தது. பொட்டில்லாதவர்களைச் சுமைகாரர்கள் தொடவில்லை. வெடித்துப்போன உலைக்காரர்கள் மூலைக்கு மூலை முனகிக் கிடந்தார்கள். அந்தக் குழப்பத்தில் வைரஸ் தன்னைப் போலவே நூறு உருவங்கள் செய்துகொண்டது.

வேம்பாயி வாசலுக்கு ஓடினாள். "கொம்பா, எதிரி உள்ள வந்துட்டான். கொம்பை ஊது!"

"அந்நிய எழுத்தைக் கண்டாத்தான் நான் ஊதுவேன். இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே, தாயி?"

திரும்பி வந்தவளை, வெடித்துக் கிடந்த ஆழியன் அழைத்தான். உலைக்காரர்களிலேயே மூத்தவன் அவன்.

"வேம்பாயி, என்கிட்ட இருக்கறது அந்நிய எழுத்துதானே? என்னைக் கிழிச்சு அதை வெளியே எறி."

"கொம்பன் ஊதினா படை வந்து தீ வைக்கும், அண்ணே. நம்ம வீடும் சேந்து எரியும்."

"எரியட்டும். அக்கம்பக்கத்து வீடுகளாவது பிழைக்கும்."

வேம்பாயி கண்ணை மூடிக்கொண்டு கிழித்தாள்.

அவள் வாசலில் எறிந்த ஓலை கொம்பன் முன்னால் விரிந்தது. மரமும் மீனும் பறவையும் தோன்றுவதற்கு முந்திய எழுத்துகள், கடல் நீரில் வெயில் பட்டதுபோல் மினுங்கின. இத்தனை காலம் இதனோடா குடியிருந்தோம் என்று அவள் மூச்சுவிட மறந்து நின்றாள். கொம்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொம்பை எடுத்து ஊதினான்.

அக்கம்பக்கத்து உயிரணுக்கள் கதவைச் சாத்திக்கொண்டன. இரத்தத்திலிருந்து படை திரண்டு வந்தது. உச்சி முதல் பாதம் வரை உடம்பு கொதித்தது. நூறு வைரஸ்களும் கருகி விழுந்தன. சுவர்கள் எரிந்து சரியும்போது வேம்பாயி ஆழியனின் தலையை மடியில் வைத்திருந்தாள். வெளியே படை போட்ட கூச்சல்தான் அவள் காதில் கடைசியாக விழுந்தது.

மூன்றாம் நாள் உடம்பு கண் விழித்துத் தண்ணீர் கேட்டது.

வைரஸ் நுழைந்தால் நமக்கு உடம்பு கொதிப்பது அன்று முதல்தான். காக்க வந்த சூடு சில சமயம் தணியாமல் நம்மையே சுட்டுவிடுவதும் அன்று முதல்தான்.