கல்தொட்டியில் படிந்த சிவப்பு

மருதாயி தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுக் கல்தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குருவிகள் குடிக்கட்டும் என்று மடத்து முற்றத்தில் போட்டு வைத்த தொட்டி. தண்ணீர் வற்றி, அடியில் ரத்தம் காய்ந்த மாதிரி சிவப்பு படிந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க அவள் கைதான் சிவந்தது.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் முந்தாநாள்தான் பிள்ளையோடு திரும்பியிருந்தாள். அன்றைக்கே தொட்டி சிவந்து கிடப்பதை வேலாயுதம் அண்ணாச்சி பார்த்துவிட்டார். அவர் மடத்தின் மூத்த சீடர். தீட்டோடு வந்துவிட்டாள், அதுதான் கல் ரத்தம் கக்குகிறது, குருபூசையில் அவள் வழக்கமாகப் பாடும் பதிகத்தை வேறு யாராவது பாடட்டும் என்று சமையல்கட்டு வரைக்கும் சொல்லி வைத்தார்.

மருதாயிக்கோ பதிகமே மறந்துபோயிருந்தது. விடிய விடியப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்ததில் ஏழாம் பாட்டோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காதால் கேட்டு மனசில் ஏற்றிய பாட்டு அத்தனையும்.

மடத்துக் குரு உலகம்மை வந்து பக்கத்தில் குந்தினார். துறவுக்கு முன்னால் கல்லூரியில் தாவரப் பாடம் எடுத்தவர்.

“எதுக்கு இதைப் போட்டு உரிக்கே?”

“தீட்டுன்னு சொல்லுதாக அம்மை. எனக்கும் உள்ளே எல்லாம் வத்திப்போன மாதிரிதான் இருக்கு. பாட்டு வரல. நான் ஊரோட போயிரட்டுமா?”

அம்மை அவள் கையிலிருந்த நாரை வாங்கிக் கீழே வைத்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

“இந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்துறது யாரு?”

“மருதாயிதான்.”

“அவ ஊருக்குப் போன பிறகு?”

அண்ணாச்சி தாடியைத் தடவினார். குருவிகள் கிணற்றடிக்குப் போய்க் குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்.

“குருபூசை வரைக்கும் நீங்க ஊத்துங்க.”

ரத்தத்துக்கு அபிஷேகம் பண்ணுகிற முதல் ஆள் நான்தான் என்று முனகிக்கொண்டே அவர் தினமும் ஊற்றினார்.

குருபூசையன்று காலையில் தொட்டித் தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது. அண்ணாச்சி விரலை விட்டுப் பார்த்தார்.

“அந்தச் சிவப்பு போய், புதுசாப் பாசி பிடிச்சிருக்கா அம்மை?”

“அதேதான் இது. ஒண்ணொண்ணும் கண்ணுக்குத் தெரியாத உசுரு. தண்ணி இருந்தா பச்சையா, முடி மாதிரி ரெண்டு வாலை வீசி நீந்தும். வத்தினா அந்த வாலை உதிர்த்துரும். கெட்டியா ஓடு கட்டி, வெயிலுக்குச் சிவப்பைப் போர்த்திக்கிட்டு இருந்துக்கும்.”

“அப்போ தீட்டு?”

“தண்ணி ஊத்தாதவங்கதான் சொல்லணும்.”

உள்ளே தொட்டிலில் பிள்ளை சிணுங்கவும் அண்ணாச்சி எழுந்து போனார். அவர் வைத்துவிட்டுப் போன குடத்தை மருதாயி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத்தனை நாள் காய்ஞ்சு கிடந்திருக்கே அம்மை. நீந்துறது மறந்திருக்குமே. திரும்ப யாரு சொல்லிக்கொடுத்தா?”

“நீ ஊத்து.”

அவள் குடத்தைச் சாய்த்தாள். நீர் விழுகிற சத்தத்தோடு அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. “ஏ மருதாயி, தொட்டிலை ஆட்டி என் கை ஓஞ்சு போச்சு. உன் மவன் எனக்கு அடங்க மாட்டேங்கான்.”

“இந்தா வாரேன் அண்ணாச்சி.” குடத்தைப் போட்டுவிட்டு ஓடியவள் வாசற்படியில் திரும்பினாள். “அம்மை, இப்பதான், எட்டாம் பாட்டு எனக்கு—”