பச்சைப் புளி பிடித்த கோடாலி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொழுந்தூர்ச் சீமையை வீரமகுடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவரைச் சமாளிக்க ஆதிமூலம் என்ற மந்திரி ஒருவரால்தான் முடியும். சாப்பிட உட்கார்ந்தால் ஆதிமூலம் வேண்டும், சொக்கட்டான் ஆட ஆதிமூலம் வேண்டும், தூக்கம் வராவிட்டால் கதை சொல்லவும் அவரேதான் வேண்டும்.

அந்த ஆதிமூலத்துக்கு ஆற்றின் அக்கரையில் ஒரு வீடு இருந்தது. அங்கே தையல்நாயகி என்ற மனைவியும், அவர் இன்னும் கண்ணால் பார்த்திராத ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று ஓடக்காரன் வந்து சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, ஒரு தடவை ஊருக்குப் போய் வருகிறேன்" என்று கேட்டார்.

"தாராளமாகப் போகலாம். மழை விடட்டும்" என்றார் ராஜா. மழை விட்டது. "அறுப்பு முடியட்டும்" என்றார். அறுப்பும் முடிந்தது. "நீரும் போய்விட்டால் எனக்கு யார் ஓய் இருக்கிறார்கள்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவர் அலங்காரபூபதி என்ற பிரதானி. ராஜாவுக்கு வலப்பக்கத்து ஆசனத்தின்மேல் அவருக்கு ஒரு கண். "ஆதிமூலம் செய்கிற வேலையை நான் இடது கையால் செய்துவிடுவேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒரு நாள் அடித்த காற்றில் அரண்மனை முற்றத்துப் புளியமரம் சாய்ந்தது. ஆட்கள் கிளைகளைக் கழித்துவிட்டு, கோடாலி, சம்மட்டி, இரும்பு ஆப்பு எல்லாவற்றையும் அங்கேயே போட்டிருந்தார்கள். அடிமரத் துண்டு மட்டும் ஈரம் சொட்டக் கிடந்தது. அலங்காரபூபதிக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. நல்லது என்றால் அவருக்கு நல்லது. சபைக்கு முன்னால் மந்திரி தோற்றால் ஆசனம் தானாகக் கைமாறும் என்று கணக்குப் போட்டார்.

"மகாராஜா, நம் மந்திரியால் ஆகாத காரியமே இல்லையாம். இந்தப் பச்சைத் துண்டைப் பிளக்கட்டுமே. முடியாவிட்டால் இனி சபையில் ஊர்ப்பேச்சே எடுக்கக் கூடாது!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "பிளந்துவிட்டால் என்ன கேட்டாலும் தருகிறேன் ஆதிமூலம். ஊருக்குப் போகிறேன் என்பதை மட்டும் கேட்காதீர்!"

தோற்றாலும் ஊர் இல்லை, ஜெயித்தாலும் ஊர் இல்லை. ராஜா வீட்டு நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்!

ஆதிமூலம் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கோடாலியை எடுத்தார். பச்சை மரத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் தையல்நாயகி ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் கொல்லையில் இரண்டு பேருமாக விறகு பிளப்பார்கள். அவள் ஆப்பைப் பிடிப்பாள், இவர் சம்மட்டி போடுவார். ஒரு தடவைகூட அவள் கண்ணை மூடிக்கொண்டதில்லை. இப்போதே அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஓங்கி ஒரு போடு போட்டார்.

கோடாலி பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. சபை சிரித்தது.

"நகரும், நான் எடுக்கிறேன்" என்று அலங்காரபூபதி பிடித்து இழுத்தார். கை வழுக்கி மல்லாக்க விழுந்தார். தலைப்பாகை முற்றத்தைச் சுற்றி உருண்டது. ராஜாவே இறங்கி வந்து இழுத்துப் பார்த்தார். வேர்த்ததுதான் மிச்சம்.

"இந்த மரத்துக்கு இவ்வளவு பிடிவாதமா?"

"பிடிவாதம் இல்லை மகாராஜா, ஈரம். பச்சை மரம் உள்ளே வந்ததை லேசில் விடாது. இழுக்க இழுக்க இறுக்கும்."

"பின்னே எப்படித்தான் எடுப்பதாம்?"

"பக்கத்தில் இன்னொன்றை இறக்க வேண்டும். யாராவது இந்த இரும்பு ஆப்பைப் பிடித்துக்கொண்டால் போதும்."

அலங்காரபூபதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இங்கே கொடும்!" என்று ராஜா ஆப்பை வாங்கிப் பிடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சம்மட்டி விழுந்தது. மரம் முனகியது, பிளவு விரிந்தது. ஆதிமூலம் ஒற்றைக் கையால் கோடாலியைத் தூக்கினார். இன்னும் நாலு போட்டில் துண்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"பலே! கேளும், என்ன வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. என் வேலையை அலங்காரபூபதி இடது கையால் செய்வாராம். உங்கள் பக்கத்தில் அவருக்கும் ஓர் ஆசனம் போடுங்கள்."

ஆசனம் வந்தது. அலங்காரபூபதி மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தார். ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். கழன்று கிடந்த கோடாலியைப் பார்த்தார். அப்புறம் மந்திரியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஆதிமூலம், நானும் அப்படித்தான் உம்மைப் பிடித்து வைத்திருந்தேனா?"

"உங்கள் பிரியம் பச்சையாக இருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் பெண் நடக்கிறாளாம் மகாராஜா. விழுந்தால் தூக்க நான் அங்கே இல்லை."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "குழந்தைக்குப் போடும். நீர் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஓடம் தயாராகட்டும்."

அலங்காரபூபதி மெல்ல எழுந்தார். "மகாராஜா, எனக்கும் வீடு அடுத்த தெருதான். சாப்பிட்டுவிட்டு ஓடி வருகிறேன்."

"எங்கே ஓடுகிறீர்? உட்காரும்! முதலில் சொக்கட்டான், அப்புறம் கதை. எல்லாம் இடது கையாலேயே நடக்கட்டும்!"

அன்று சபை சிரித்த சிரிப்பில் காவல்காரன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் ஆதிமூலம் வீட்டு வாசலில் நின்றார். தையல்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இளைச்சுட்டீங்க" என்றாள். அவள் சேலைக்குப் பின்னாலிருந்து குழந்தை எட்டிப் பார்த்தது. தத்தித் தத்தி வந்து அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது.

"விடுடி, அப்பா கால் கழுவட்டும்."

குழந்தை விடவில்லை.

"வேற ஏதாவது கையில குடுத்தா விட்டுடுவா. மடியில தொங்குதே, அந்த முத்துமாலையைக் காட்டுங்க."

"வேண்டாம் தையலு" என்றார் மந்திரி. "அது மடியிலேயே இருக்கட்டும்."