இறக்கிவிடாத கைகள்

"என் கணவன் என்னைக் கீழே இறக்கிவிட மாட்டேன் என்கிறான், தாயே."

துறவி நோர்சோம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எங்கே இருக்கிறான்?"

"செத்துப் போய்விட்டான்."

"அது தெரியும். எங்கே இருக்கிறான் என்று கேட்டேன்."

டோல்கர் சன்னலுக்கு வெளியே கை காட்டினாள். மடத்துக்குக் கீழே ஏரி உறைந்து கிடந்தது.

அவளையும் ரிக்சினையும் லடாக்கில் தெரியாதவர் இல்லை. ஐஸ் ஸ்கேட்டிங்கில் ஜோடி ஆட்டம் என்றால் அவர்கள்தான். சிறுபிள்ளைகளாக அந்த ஏரியில் கைகோத்தவர்கள், வளர்ந்து கல்யாணமும் செய்துகொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பதக்கம் வாங்கினார்கள். சறுக்குகிற வேகத்திலேயே அவளைத் தலைக்கு மேல் தூக்குவான். ஒரே கையால். அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

கடைசி ஆட்டத்திலும் தூக்கினான். பத்திரமாக இறக்கிவிட்டான். கைதட்டலுக்குத் தலை வணங்கி அவள் நிமிர்ந்தபோது, பக்கத்தில் விழுந்து கிடந்தான். இதயம் நின்றுபோயிருந்தது.

"இந்தக் குளிர்காலத்தில் தனியாக ஆடிப் பார்த்தேன்," என்றாள் டோல்கர். "முதல் தாவலிலேயே இடுப்பைப் பிடித்தான். அதே கைகள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுதுவிட்டேன். பிறகு இறங்கப் பார்த்தேன். விடவில்லை. நாளுக்கு நாள் பிடி இறுகுகிறது. நேற்று மேலேயே மூச்சு முட்டிவிட்டது, தாயே."

மேலங்கியை விலக்கிக் காட்டினாள். இடுப்பில் விரல் விரலாகக் கன்றியிருந்தது.

"மந்திரம் சொல்லி விரட்டிவிடுங்கள்."

"விரட்டிவிடட்டுமா?"

டோல்கர் மேலங்கியை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

துறவி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ எப்போதாவது அவனைத் தூக்கியிருக்கிறாயா?"

"நானா? தூக்குவது அவன் வேலை. நான் அவன் எடையில் பாதிகூட இல்லை."

"வா."

ஏரியில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. காற்றே இல்லை. துறவி கரையில் நின்றுகொண்டார்.

"போ. தாவாதே. கைகளை மட்டும் உயர்த்து."

டோல்கர் சறுக்கினாள். அவள் காலணிகளின் கத்தி ஐஸைக் கீறியது. சற்றுப் பின்னால் இன்னொரு கீறல் சத்தம் வந்தது. துறவியின் தலை முதல் சத்தத்தோடு திரும்பி, பிறகு இரண்டாவது சத்தத்தோடும் திரும்பியதை அவள் பார்த்தாள்.

கைகளை உயர்த்தினாள்.

முதலில் குளிர்தான். பிறகு எடை இறங்கியது. முழு ஆளின் எடை. தோள் விட்டுப்போகும் போலிருந்தது.

"தாயே, தாங்க முடியவில்லை!"

"நிற்காதே. என்ன செய்கிறான்?"

அவள் மணிக்கட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத விரல்கள் பதிந்தன. பதிந்த விரல்கள் வெடவெடத்தன.

"நடுங்குகிறான்." அவள் குரல் மாறியது. "தாயே... இவனுக்குப் பயமாக இருக்கிறது."

"மேலே இருக்கும்போது உனக்குப் பயமாக இருந்ததில்லையா?"

"ஒவ்வொரு முறையும் இருந்தது."

"அப்போது அவன் என்ன சொல்வான்?"

டோல்கர் அண்ணாந்து பார்த்தாள். நீல வானத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"கீழே பார்க்காதே, ரிக்சின்," என்றாள் அதனிடம். "என் முகத்தைப் பார். இறக்கிவிடுகிறேன்."

மெல்ல முழங்கால்களை மடக்கினாள். அவனுடைய கத்திகள் ஐஸைத் தொடும் சத்தம் கேட்டது.

விரல்களை விரித்தாள்.

அந்த இரண்டாவது கீறல் சத்தம் ஏரியின் நடுப்பக்கமாக விலகிப் போய்க்கொண்டே இருந்தது.