எல்லார் கண்ணிலும் பட்ட பெயர்

கல்யாண மேடையில் பொண்ணு மாப்பிள்ளை பேரைப் பூவில் எழுதுவார்கள். நூல்மில் முதலாளி வெள்ளியங்கிரிக்கு அது போதவில்லை. மகள் கல்யாணத்தில் தன் பேரையும் ரோஜாவில் எழுதச் சொன்னார்.

"வர்றவங்க ஒருத்தர் விடாம என் பேரைப் பாக்கோணும். ஒரே ஒருத்தர் பாக்கலைன்னாலும், அப்புறம் கோபியில எந்த மண்டபத்துலயும் நீ பூக்கட்ட முடியாது!"

பூ அலங்காரம் செய்யும் துளசிமணி, "எங்க வெக்கறதுங்க?" என்றாள்.

"அதையும் நானே சொல்லோணுமா? எல்லாரும் பாக்கற இடத்துல வை!"

"சரிங்க."

முகூர்த்தத்தன்று மேடையில் அவர் பேர் இல்லை. வாசலிலும் இல்லை. கொதித்துப்போனார். ஆனால் வந்தவர்களோ, "உங்க பேரைப் பாத்தமுங்க, பிரமாதம்!" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டு எச்சில் கையோடு எழுந்து போனார். கை கழுவும் குழாய்களுக்கு மேலே, சுவர் நீளத்துக்கு, சிவப்பு ரோஜாவில் 'வெள்ளியங்கிரி'. அதை அண்ணாந்து பார்த்தபடி சம்பந்தி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"துளசிமணீ! என்ன இது?"

"மேடையை எட்டிக்கூடப் பாக்காமப் போனவங்க நெறைய பேருங்க. கை கழுவாமப் போனவங்க ஒருத்தருமில்லீங்க."