ரெண்டுன்னு சொன்ன வலி

எங்க இல்லத்துல பதினெட்டுக் கட்டில். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடித் தெரு. புத்துநோய்க்குக் கரண்ட், அதான் கதிர் சிகிச்சை, வைக்க, ஊசி மருந்து ஏத்திக்க வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கும், கூட வந்தவங்களுக்கும் இங்க இடமும் சோறும் உண்டு. சோறாக்குறது நான், முத்துப்பேச்சி. இல்லத்தைப் பாத்துக்கிறது ரெஜினா சிஸ்டர்.

சிஸ்டருக்கு ஒரு சீடர் இருக்கார். சிரிக்காதீங்க, அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்குவார். அரியநாயகம் சார், கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். சிஸ்டருக்கு முப்பத்தொம்பது வயசு, அவருக்கு அறுபத்து மூணு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் வந்து நின்னார்.

"நோயாளிங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்கம்மா. சீடனா இருந்து கத்துக்கறேன்."

"முதல்ல பெட்பேன் கழுவுங்க சார். பேச்சைப் பெறகு பாத்துக்கலாம்"னுட்டாங்க சிஸ்டர்.

மனுஷன் ஆறு மாசம் கழுவினார். முகம் சுளிச்சு நான் பாத்ததில்ல. அதுக்கப்புறம்தான் சிஸ்டர் அவரைக் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார விட்டாங்க.

நல்லாக் கத்துக்கிட்டார், அதைச் சொல்லணும். ஆபரேஷன்னா என்ன, கரண்ட்னா என்ன, ஊசி மருந்துன்னா என்ன, எதுக்கு எது, எதால என்ன கஷ்டம் வரும்னு படம் போட்டுக் காட்டுவார். காப்பீட்டு அட்டைக்கு எந்த ஜன்னல், ரயில் சலுகைக்கு யார் கையெழுத்து, வீட்டுக்கே வந்து பாக்குற வேனுக்கு எந்த நம்பர், எல்லாம் மனப்பாடம். சொந்தக்காரங்க அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய், "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார், வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்"னு கிசுகிசுப்பாங்க. இவர் சிரிச்சுக்கிட்டே, "உடம்பு அவங்களோடது. முடிவையும் அவங்ககிட்டயே கேளுங்க"ன்னுவார். நூறு குடும்பத்துக்காவது சொல்லியிருப்பார்.

போன ஆடியில அவர் வீட்டுக்காரம்மா தமயந்தி அக்காவுக்கே வந்துருச்சு. கணையத்துல. கண்டுபிடிக்கும்போதே ஈரல் வரைக்கும் போயிருச்சு.

நூறு குடும்பத்துக்குச் சொன்ன மனுஷன் அன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் தெரியுமா? "பித்தப்பையில கல்லு, தமயந்தி. மருந்துலயே கரைஞ்சிரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நேர்ல கேக்கவும் வாய் வரல. அவர் மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் வரும்?

மொதல் ஊசி மருந்து மூணு மாசம் ஓடுச்சு, கேக்கல. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, நான் அரிசி களைஞ்சிட்டு இருக்கேன், சார் நேரா சிஸ்டர் மேஜைக்கு வந்தார். ஸ்டூல் கெடந்தும் உக்காரல.

"டாக்டர் ரெண்டு வழி சொல்றார்ம்மா. வேற ஊசி மருந்து ஒண்ணு இருக்காம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. மருந்து கேட்டா ஆயுசு சில மாசம் கூடுமாம். கேக்காமலும் போகலாமாம். உடம்பு ரொம்பப் படுத்துமாம். இன்னொண்ணு, ஊசிய நிறுத்திட்டு வலிக்கு மட்டும் பாத்துக்கிட்டு வீட்டுலயே இருக்கறது. நாளைக்குள்ள சொல்லணும்."

"சரி சார்."

"நான் உங்க சீடன். இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. இதை மட்டும் சொல்லிருங்க. எந்த வழி?"

சிஸ்டர் பையை எடுத்துத் தோள்ல மாட்டினாங்க. "வாங்க, வீட்டுக்குப் போலாம். முத்துப்பேச்சி, கொஞ்சம் ரசஞ்சாதம் கரைச்சு எடுத்துக்கோ."

தமயந்தி அக்கா சுவரைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்திருந்தாங்க. எங்களைப் பாத்ததும் சேலையச் சரி பண்ணி எந்திரிக்கப் பாத்தாங்க, முடியல. எப்படி இருந்த பொம்பள! நான் தூக்குவாளிய மூலையில வச்சிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன்.

சிஸ்டர் கட்டில்லயே உக்காந்தாங்க. "அக்கா, வலி எவ்வளவு இருக்கு? இல்லவே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து. எத்தனைன்னு சொல்லுங்க."

"ரெண்டு"ன்னார் சார். "மிஞ்சிப் போனா மூணு."

"அக்கா, எத்தனை?"

"அதான் சொன்னேனேம்மா, ரெண்டுதான்." திரும்பவும் சார்தான். "தினமும் கேட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." எழுதித்தான் வச்சிருந்தார். வரிசையா ரெண்டு, ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு.

சிஸ்டர் நோட்டைத் தொடல. அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை சார்?"னு கேட்டாங்க.

"எனக்கா? எனக்கென்ன வலி? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அக்கா, சாருக்கு எத்தனை இருக்கும்?"

"பத்து"ன்னாங்க அக்கா. யோசிக்கவே இல்ல. "தினமும் காலையில குளிக்கப் போய்க் குழாயத் திறந்து விட்டுட்டு அழுறாரு. எனக்குக் கேக்கலன்னு நெனப்பு. தொட்டித் தண்ணி பூரா வீணாப் போகுது சிஸ்டர்."

சார் தலை குனிஞ்சுக்கிட்டார்.

"உங்களுக்கு எத்தனை அக்கா?"

"எட்டு."

"எட்டா?" சாருக்குக் குரல் உடைஞ்சிருச்சு. "எங்கிட்ட ரெண்டுன்னுதானே சொன்ன? தினமும் ரெண்டுன்னுதானே சொன்ன?"

"நீங்க 'இன்னைக்கு ரெண்டுதானே தமயந்தி?'ன்னு கேட்டீங்க. நான் ஆமான்னேன்."

"வலிச்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா இன்னொரு குழாயத் திறப்பீங்க."

சிஸ்டர் கேட்டாங்க, "டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை எங்க சார்?"

பீரோவைத் திறந்து, வேட்டி மடிப்புக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தார். மார்ஃபின். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கல. 'இது கடைசி நேரத்து மாத்திரை இல்லம்மா, வலிக்கிறவங்களுக்கு எப்ப வேணாலும் குடுக்கலாம், பழக்கமாயிரும்னு பயப்படாதீங்க'ன்னு இவர் எத்தனை பேருக்குச் சொல்லி என் காதால கேட்டிருக்கேன்! சொந்தப் பொண்டாட்டிக்கு மூணு வாரமாப் பூட்டி வச்சிருக்கார்.

"இதைக் குடுத்தா..." சார் முடிக்கல. "இதைக் குடுத்துட்டா நெசமாயிரும்னு தோணுச்சும்மா."

அக்கா மாத்திரை அட்டையைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்தாங்க. "இதுதானா அது? நாலு வருஷமா சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காந்து இதைப் பத்தி இவரு பேசாத பேச்சா? கல்லுக்கு இதைக் குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

சிஸ்டர் டாக்டருக்குப் போன் பண்ணி அளவைக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு, மாத்திரையக் குடுத்தாங்க. முக்கா மணி நேரம் கையைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க. "இப்ப அஞ்சு"ன்னாங்க அக்கா. புருவத்துக்கு நடுவுல இருந்த சுருக்கம் கொஞ்சம் விட்டிருந்துச்சு. நான் ரசஞ்சாதம் ஊட்டினேன். ஏழு கரண்டி சாப்பிட்டாங்க. "உப்பு கம்மிடி"ன்னாங்க. அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு.

கெளம்பும்போது சார் எங்ககூட வெளிய வந்து, கதவை ஒருக்களிச்சுச் சாத்தினார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா."

சிஸ்டர் இல்லன்னு சொல்லல.

"இனிமே வலிய அவகிட்டயே கேட்டு எழுதறேன். மாத்திரையும் நேரத்துக்குக் குடுத்துருவேன். ஆனா நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே. நாளைக்கு டாக்டருக்கு என்ன சொல்லட்டும்? ஊசியா, வீடா?"

"ஊசின்னா நான் கூட வந்து உக்காந்துக்கறேன். வீடுன்னா வாரம் ரெண்டு தடவை வேன்ல வர்றேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். அது அக்கா வாயில இருந்து வரணும்."

சார் சுவத்துல கைய ஊனிக்கிட்டார்.

"கேட்டா அவ வேணாம்னு சொல்லிருவாம்மா. போதும்னுருவா. முப்பத்தேழு வருஷம், எனக்கு அவளைத் தெரியாதா?"

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கிட்டு நிமிந்தாங்க.

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சார் கேட்டீங்க?"

சார் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனார். "தமயந்தி, ஒண்ணு கேக்கணும்"னு அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டுச்சு. டாக்டர் சொன்ன ரெண்டு வழியையும் சொல்லிக் கேட்டார்.

அதுக்கப்புறம் அக்கா குரல் மட்டும்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு. சார் குறுக்க ஒரு வார்த்தை பேசல.