மூன்று கொத்துப் பஞ்சு

எங்கள் மில்லுக்குப் புதிதாக வந்த மேனேஜர் நவநீதன், பஞ்சு கலக்கும் எங்களைக் கூப்பிட்டு, "நெட்டையும் குட்டையுமாப் பஞ்சு கலந்தா நூல் அறும். சாயங்காலத்துக்குள்ள நூறு பேல் பஞ்சுப் பொதியையும் ரகம் பிரிக்கணும். முடியாதவங்க நாளைக்கு வரவேண்டாம்" என்றார்.

நான் மூன்று கொத்துப் பஞ்சை நீட்டினேன். "ஒரு தடவை நீங்களே பிரிச்சுக் காட்டுங்க சார்."

விரலால் இழுத்துப் பார்த்தார். "இது முதல் ரகம், இது ரெண்டாவது, இது கழிவு."

"மூணும் ஒரே பேல்ல எடுத்தது சார். நேத்து நீங்க முதல் ரகம்னு கையெழுத்துப் போட்ட பேலு."

எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் பஞ்சைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு கொத்துப் பஞ்சோடு வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுங்க, வேலுத்தாயக்கா."

ஜெயித்த திமிர் எனக்கு. "ஏன், காலேஜ்ல சொல்லித் தரலையா சார்?" என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

இப்போதைய மேனேஜர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வந்த பேலை வந்தபடியே கொட்டச் சொல்கிறார். நூல் நாளெல்லாம் அறுகிறது. அதை ஓடி ஓடி ஒட்டுகிறவள் என் மகள். வீங்கிய காலோடு அவள் வீட்டுக்கு வந்தால், நான் வெந்நீர் வைக்க எழுந்துவிடுகிறேன். அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.