ஐந்து நிமிட நடை

பன்னிரண்டு மாடி அலுவலகம் அது. அதன் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் என்னென்ன கடை உண்டு என்று நிர்வாகத்துக்காக அளந்து, மதிப்பெண் போட்டு அறிக்கை எழுதியவன் இளவழகன். பதினாலு ஓட்டல், மூன்று மருந்துக்கடை. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு! சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அறிக்கை போன மறுவாரமே, பின்கேட்டை ஒட்டி நின்ற மாரியாயியின் சாப்பாட்டு வண்டியை நிர்வாகம் கிளப்பிவிட்டது. "சுத்தி இத்தனை ஓட்டல் இருக்கே, வண்டி எதுக்கு?" என்று அவன் அறிக்கையைத்தான் காட்டினார்களாம். துப்புரவுப் பெண்கள் நாற்பது பேருக்குக் கேட் கம்பி வழியாகவே தட்டு நீட்டியவள் மாரியாயி.

கேள்விப்பட்டதும் இளவழகன் தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த குணவதியிடம் போய் நின்றான்.

"மேடம், என் அளவுல தப்பு இருக்கா?"

குணவதி அவனை மறுநாள் மத்தியானம் அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். எட்டாவது மாடியில் பெருக்கிக்கொண்டிருந்த ரோசம்மாவைக் காட்டினாள்.

"சாப்பிட இவங்களுக்கு அரை மணிதான். பின்னாலயே போ. வாட்சைப் பாத்துக்க."

சரக்கு லிஃப்ட் வரவே ஏழு நிமிடம். துப்புரவுக்காரர்கள் பின்கேட்டில்தான் போகவேண்டுமாம். அங்கே பையைத் திற, கையைத் தூக்கு, கையெழுத்துப் போடு. அப்புறம் மதிலை முழுக்கச் சுற்றி முன்ரோட்டு ஓட்டலுக்கு வந்தபோது இருபது நிமிடம் ஓடிப்போயிருந்தது. உள்ளே உட்கார இடமில்லை.

ரோசம்மா வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"இப்பத் திரும்பினாத்தான் சார் சரியா இருக்கும். லேட்டானா சூப்பர்வைசர் வெளிய நிறுத்திடுவாரு."

வெறும் வயிற்றோடு வந்த வழியே நடந்தாள், பாவம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது இருந்த கறியையும் அல்லவா பிடுங்கிவிட்டது!

குணவதி முன்வாசலில் காத்திருந்தாள்.

"இன்னிக்கே திருத்தி அனுப்பிடறேன் மேடம்."

"அனுப்பு. வண்டி நின்ன இடத்துல பூந்தொட்டி வெச்சாச்சு."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முன்வாசல்ல இருந்து அளக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஆமா. இருபது வருஷமா நானும் அப்படித்தான் அளக்கறேன்," என்றாள் குணவதி. "என்னை இதுவரைக்கும் எந்த வாசல்லயும் எவனும் பையைத் திறக்கச் சொன்னதில்ல."